பரமார்த்த குருவும் நாமும்

(பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி, கம்மாபுரம்)

இலக்கிய மன்றக் கூட்டத்தில் பரமார்த்த குரு கதையை நான் நடித்துக் காட்டினேன். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று சீடர்களின் பெயரைச் சொன்னபோதே மண்டபம் முழுவதும் சிரித்தது. ஆறு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று அறியக் கொள்ளிக்கட்டையை நீரில் வைத்துப் பார்க்கும் இடத்தில் சிறு வகுப்பு மாணவியர் கைதட்டி மகிழ்ந்தனர். கூட்டம் முடிந்ததும் என் நெருங்கிய தோழி மட்டும் என்னோடு பேசாமல் பேருந்து ஏறிவிட்டாள். மறுநாள்தான் காரணம் சொன்னாள்.

“எங்கள் தாத்தா ஒரு மடத்துக் குருவிடம் உபதேசம் பெற்றவர். அவர் படத்தைக் கும்பிட்ட பிறகுதான் சாப்பிட உட்காருவார். உங்கள் சாமியார் எழுதிய கதையில் மடத்துக் குருதானே முட்டாள்? அது உனக்குச் சிரிப்பா?” என்றாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததைத் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

கதையை எழுதிய வீரமாமுனிவர் நமக்கு அயலார் அல்லர். 1680-இல் இத்தாலியில் பிறந்த பெஸ்கி என்னும் இயேசு சபைக் குரு அவர். விருத்தாசலத்துக்கு அருகே கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எழுப்பியவர். அங்கே மாதா சேலை உடுத்தியிருக்கிறார். விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலில் குடிகொண்ட அம்மனின் பெயரும் பெரியநாயகிதான். தேம்பாவணியும் சதுரகராதியும் தந்த அந்தப் பெரும்புலவர், தமிழ் கற்க வந்த ஐரோப்பியக் குருக்களுக்குப் பேச்சுத்தமிழ் பழக்குவதற்காக எழுதியதுதான் பரமார்த்த குரு கதை. 1822-இல் பாபிங்டன் என்பவர் ஆங்கில மொழிபெயர்ப்போடு அதனை இலண்டனில் அச்சிட்டார்.

இப்படிப் பழிப்பை நகைச்சுவைக்குள் வைத்துச் சொல்வது மேல்நாட்டுச் சரக்கு என்று சிலர் எண்ணலாம். தொல்காப்பியமே இதற்கு ‘அங்கதம்’ என்று பெயரிட்டு, இரண்டு வகையும் சொல்லியிருக்கிறது. நேரே வெளிப்படையாகப் பழிப்பது செம்பொருள் அங்கதம். பழிப்பை மறைத்து வைத்துச் சொல்வது பழிகரப்பு அங்கதம். முன்னது கல்லால் அடிப்பது போன்றது. பின்னது நெருஞ்சி முள். சிறிது தூரம் நடந்த பிறகுதான் குத்தியது தெரியும்.

முனிவருக்கு இரண்டும் கைவந்தவை. அக்காலத்தில் தரங்கம்பாடியில் லுத்தரன் சபையார் மதப்பணி செய்து வந்தார்கள். அவர்களை மறுத்து முனிவர் வேதவிளக்கம், பேதகமறுத்தல் முதலிய நூல்களை எழுதினார். அவை நேரடிச் சண்டை நூல்கள். ஒரே இயேசுவை வணங்கிய இரு கூட்டத்தார் தமிழ் மண்ணில் வந்து தமிழிலேயே சண்டையிட்டதை நினைத்தால் எனக்குச் சிறிது வெட்கமாகவே இருக்கிறது. இன்று அந்த நூல்களைத் தேடிப் படிப்பவர் மிகச் சிலரே. பரமார்த்த குருவையோ மதவேறுபாடு இல்லாமல் எல்லா வீட்டுப் பாட்டிகளும் சொல்கிறார்கள்.

ஏன் என்று பார்ப்போம். ஆற்றைக் கடந்தபின் சீடன் ஒருவன் ஆட்களை எண்ணுகிறான். ஆறு பேர் இருக்கவேண்டிய இடத்தில் ஐந்துதான் வருகிறது. இன்னொருவன் எண்ணினாலும் அதே ஐந்து. ஆறு ஒருவனை விழுங்கிவிட்டது என்று அழுகிறார்கள். எண்ணுகிறவன் தன்னை எண்ணவில்லை. வழிப்போக்கன் ஒருவன் வந்து ஆளுக்கு ஓர் அடி கொடுத்து எண்ணிக் காட்டிய பிறகே கணக்குச் சரியாகிறது. அதற்கு அவனுக்குக் கூலி வேறு! மடத்தில் உள்ளவர் மட்டுமா இந்தத் தவற்றைச் செய்கிறார்கள்? வகுப்பில் யார் பேசியது என்று ஆசிரியை கேட்டால் நாங்களும் எங்களை விட்டுவிட்டுத்தான் எண்ணுகிறோம்.

இன்னோர் இடம் எனக்கு மிகவும் பிடித்தது. குரு குதிரைமேல் வருகிறார். கீழே விழுந்தால் எவற்றை எடுக்கவேண்டும் என்று ஓலையில் பட்டியல் எழுதிச் சீடர்களிடம் கொடுத்திருக்கிறார். ஒருநாள் குருவே பள்ளத்தில் விழுந்துவிடுகிறார். சீடர்கள் ஓலையைப் பார்த்து, அவர் மேலிருந்த துணிமணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறார்கள். குருவை எடுக்கவில்லை. பட்டியலில் அவர் பெயர் இல்லையே! கடைசியில் பள்ளத்தில் கிடந்தபடியே ஓலை வாங்கித் தம்மையும் எழுதிக் கொடுத்த பிறகுதான் தூக்கிவிடுகிறார்கள். இது எந்த மதத்தைப் பற்றிய கதை? எந்த மதத்தையும் பற்றியதன்று. ஆணை என்ற எழுத்தைப் பிடித்துக்கொண்டு ஆளைக் கைவிடும் எல்லாரையும் பற்றியது.

இவ்வளவும் தோழியிடம் சொன்னேன். அவள், “உங்கள் பக்கத்தைக் கேலி செய்தாலும் இப்படியே விளக்கம் சொல்வாயா?” என்று கேட்டாள். சோதனை உடனே வந்தது.

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கும் என் அக்காள், முனிவர் காலத்திலேயே வாழ்ந்த ஜோனதன் ஸ்விப்ட் என்பவரைப் பற்றிச் சொன்னாள். அவர் அயர்லாந்தில் ஆங்கிலிக்கன் சபைக் குரு. 1726-இல் வெளிவந்த அவருடைய கல்லிவரின் பயணங்களில் சித்திரக் குள்ளர்களின் நாடு வருகிறது. அங்கே பதவி வேண்டுவோர் கயிற்றின்மேல் ஆடிக் காட்டவேண்டும். முட்டையை எந்த முனையில் உடைப்பது என்பதற்காக உள்நாட்டுக் கலகமும் வெளிநாட்டுப் போரும் நடக்கின்றன. சிறிய முனையில் உடைக்க மறுத்து உயிர்விட்டவர் 11,000 பேர். வசதியான முனையில் உடைக்கலாம் என்றுதான் அவர்களுடைய வேதம் சொல்கிறது! இதைக் கேட்டு வயிறு நோகச் சிரித்தேன்.

பிறகு அக்காள் 1704-இல் வந்த அவருடைய வேறொரு கதையைச் சொன்னாள். தந்தை மூன்று மகன்களுக்கும் ஆளுக்கொரு சட்டை தருகிறார். எதையும் கூட்டாதே, குறைக்காதே என்று உயிலும் எழுதுகிறார். ஊரில் புதுநாகரிகம் வந்ததும் மகன்கள் உயிலின் எழுத்துகளைப் பிய்த்துப் பொருள் சொல்லிச் சட்டையில் அலங்காரங்களை ஏற்றுகிறார்கள். மூத்தவன் பெயர் பீட்டர். நம் கத்தோலிக்கத் திருச்சபையைக் குறிப்பவன். அவன் காய்ந்த ரொட்டியைக் கொடுத்து, இது ஆட்டிறைச்சி என்று சாதிக்கிறான். இதற்கு நான் சிரிக்கவில்லை. முகம் சூடாகிவிட்டது. நற்கருணையைப் பற்றியா இப்படி என்று அக்காளிடம் சண்டைக்குப் போனேன். அன்று இரவுதான் தோழி பேருந்தில் தனியே உட்கார்ந்து போனது நினைவுக்கு வந்தது.

அரசியலிலும் இதே கதைதான். என் மாமா ஒரு கட்சிக்காரர். சோ அவர்கள் 1968-இல் மேடையேற்றி 1971-இல் திரைப்படமாக்கிய ‘முகமது பின் துக்ளக்’கைத் தொலைக்காட்சியில் போட்டால் விடாமல் பார்ப்பார். துக்ளக் பிரதமராகி, கட்சி மாறி வந்தவர்களுக்கெல்லாம் துணைப்பிரதமர் பதவி தரும் காட்சியில் தொடையைத் தட்டிச் சிரிப்பார். தம் கட்சித் தலைவரைப் பற்றி ஒரு துணுக்கு வந்தால் மட்டும் பெட்டியை அணைத்துவிடுவார்.

புதுமைப்பித்தனையும் சொல்லவேண்டும், 1906-இல் நம் கடலூரைச் சேர்ந்த திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவராயிற்றே. அவருடைய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் கடவுள் சென்னைக்கு வருகிறார். வைத்தியப் பத்திரிகை நடத்தும் பிள்ளை அவரோடு காப்பி குடிக்கிறார். பத்திரிகைக்குச் சந்தாவும் கேட்கிறார். காப்பியில் கலந்திருப்பது சிக்கரி என்பது கடவுளுக்கே புதுச்செய்தி. முதலில் படித்தபோது கடவுளைக் கேலி செய்கிறார் என்று பயந்தேன். மறுமுறை படித்தபோது கடவுளுக்கு ஒரு குறையும் நேரவில்லை. நேரே வந்து நின்றாலும் என்ன இலாபம் என்று பார்க்கும் நம்மைத்தான் ஆசிரியர் பிடித்திருக்கிறார் என்று தோன்றியது. கந்தசாமிப் பிள்ளை கெட்டவரும் அல்லர். அதுதான் அந்தக் கதையில் எனக்கு வியப்பு.

ஸ்விப்டின் ரொட்டியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் என் முகம் சூடான கதையைத் தோழியிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன். அவள் சிரித்தாள். பிறகு புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். ஒரு வாரம் கழித்துத் திருப்பித் தந்தபோது, தாத்தாவுக்கு முழுவதும் படித்துக் காட்டியதாகச் சொன்னாள். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்கிய கதைக்குத் தாத்தா கண்ணில் நீர் வரச் சிரித்தாராம். ஓலைப் பட்டியல் கதைக்கு மட்டும் சிரிக்கவில்லையாம். முதியோர் உதவித்தொகைக்கு ஒரு தாள் குறைகிறது என்று ஓர் அலுவலகத்துக்கு ஏழு முறை நடந்தது நினைவுக்கு வந்ததாம். “மறுபடியும் அந்த இடத்தைப் படி, அம்மா” என்றாராம்.