புரோக்கோலி மரமும் இடியப்பப் பனியும்

நான் கனடாவில் வசிக்கிறேன். என் அம்மம்மா யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நாங்கள் காணொளியில் பேசுவோம்.

"பிள்ளை, சாப்பிட்டியா?"

"ஓம், அம்மம்மா."

"பள்ளிக்கூடம் எப்பிடிப் போகுது?"

"நல்லாப் போகுது."

அதற்குப் பிறகு என்ன பேசுவது என்று எனக்குத் தெரியாது. தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். அம்மம்மாவில் எனக்கு நல்ல விருப்பம். ஆனால் சொற்கள்தான் வருவதில்லை.

ஒருநாள் அண்ணா இணையத்தில் ஒரு படத்தைக் காட்டினான். அதில் பச்சை மரங்கள் நின்றன. மரங்களின் கீழ் சின்னச் சின்ன மனிதர்கள் நின்றார்கள்.

"வடிவாப் பார்," என்றான் அண்ணா.

உற்றுப் பார்த்தேன். அவை மரங்கள் அல்ல, புரோக்கோலி!

இந்தப் படங்களை எடுப்பவர் தத்சுயா தனாக்கா. இவர் ஜப்பானில் 1981ஆம் ஆண்டு பிறந்த கலைஞர். 2011ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் தொடங்கி, நாளுக்கு ஒரு படமாக இணையத்தில் வெளியிட்டு வருகிறார். வீட்டில் உள்ள சாதாரணப் பொருள்களே அவருக்குப் போதும். அவற்றின் அருகே விரல் நுனி அளவுள்ள பொம்மைகளை வைப்பார். உடனே அந்தப் பொருள் வேறொன்றாக மாறிவிடும்.

ஒரு படத்தில் பாண் துண்டுகள் வேகமாக ஓடும் ரயில் ஆகிவிட்டன. ஜப்பானில் அந்த ரயிலின் பெயர் 'ஷின்கான்சென்'. தனாக்கா தன் படத்துக்கு 'ஷின்பான்சென்' என்று பெயர் வைத்தார். ஏன் தெரியுமா? ஜப்பானிய மொழியில் பாணுக்குப் பெயர் 'பான்'! அவர்களுடைய 'பான்', நம்முடைய 'பாண்' இரண்டும் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தவை.

மறுநாள் காலை அம்மா இடியப்பம் அவித்தார். வெள்ளை இடியப்பங்கள் தட்டில் குவிந்திருந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு சின்னப் பொம்மையை எடுத்து அந்தக் குவியலின் முன்னால் நிறுத்தினேன். அதன் கையில் பனி தள்ளும் மட்டை ஒன்றை அட்டையில் வெட்டி ஒட்டினேன். படம் எடுத்து அம்மம்மாவுக்கு அனுப்பினேன்.

சிறிது நேரத்தில் அம்மம்மாவே அழைத்தார்.

"இதென்ன பிள்ளை, இடியப்பத்துக்குள்ள ஆரோ நிக்கினம்?"

"அது அப்பா, அம்மம்மா! இடியப்பம்தான் பனி. அப்பா காலமை வாசல்ல பனி தள்ளுறார்."

"இஞ்சையும் மார்கழியில பனி பெய்யும். புல்லுத்தான் நனையும். அங்க எவ்வளவு உயரத்துக்கு நிக்கும்?"

அதற்கு எனக்குச் சொல் தெரியவில்லை. தொலைபேசியைக் கீழே பிடித்து என் காலைக் காட்டினேன்.

"முழங்கால் மட்டுமோ!" என்றார் அம்மம்மா.

"ஓம், முழங்கால் மட்டும்!"

அன்று நாங்கள் நெடுநேரம் பேசினோம். அம்மா இரண்டு தரம் தொலைபேசியைக் கேட்டார். நான் கொடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அம்மம்மாவிடமிருந்து ஒரு படம் வந்தது. சூப்பிய பனங்கொட்டை ஒன்று. அதன் தும்பு தாடி போலத் தொங்கியது. அதற்கு மேலே கரியால் இரண்டு கண்கள் கீறியிருந்தார்.

"இது ஆரெண்டு சொல்லு பார்ப்பம்," என்று கேட்டார். "இது உன்ர அம்மப்பா!"

சொற்பொருள்
வடிவாக – நன்றாக, அழகாக
குவியல் – ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து கிடப்பது
தும்பு – பனங்கொட்டையில் உள்ள நார்
கீறுதல் – வரைதல்

பேச்சும் எழுத்தும்
இஞ்சை – இங்கே
ஆர் – யார்
காலமை – காலையில்
நிக்கினம் – நிற்கிறார்கள்
உன்ர – உன்னுடைய

விடை கூறுக
1. முதலில் அம்மம்மாவுடன் பேச்சு ஏன் விரைவில் முடிந்தது?
2. தனாக்கா தன் படங்களுக்கு எவற்றைப் பயன்படுத்துகிறார்?
3. யாழ்ப்பாணத்துப் பனிக்கும் கனடாப் பனிக்கும் என்ன வேறுபாடு?

செய்து பார்ப்போம்
உங்கள் சமையலறையில் உள்ள ஒரு பொருளை எடுங்கள். முறுக்கு, அப்பளம், கறிவேப்பிலை, எதுவானாலும் சரி. அது வேறு எதைப்போல இருக்கிறது? ஒரு சின்னப் பொம்மையை அருகில் வைத்துப் படம் எடுங்கள். அதைத் தமிழ் பேசும் உறவினர் ஒருவருக்கு அனுப்பிப் பேசுங்கள். அவரிடம் கற்ற ஒரு புதிய சொல்லை வகுப்பில் சொல்லுங்கள்.