தேரையும் வௌவாலும் – ஓர் ஒப்பீடு

நாம் தூங்கும்போது வேலை செய்கிற இரண்டு ஜீவன்களை இக்கட்டுரையில் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

ஒன்று, வேப்பம்பட்டில் மழைக்காலத்தில் பாத்ரூம் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் மரத்தவளை. தேரை என்போம். அறிவியல் பெயர் பாலிபெடேட்ஸ் மாகுலேட்டஸ். மற்றது குறுமூக்குப் பழந்தின்னி வௌவால், சைனாப்டெரஸ் ஸ்பிங்ஸ். பழம்தான் இதன் முக்கிய உணவு. இலவம், இலுப்பை பூத்தால் தேன் குடிக்கவும் வரும்.

1. விரல்: தேரையின் விரல் நுனி வட்டமாக அகன்றிருக்கும். அடியில் அறுகோண செல்கள், அவற்றின் இடைவெளியில் வழவழப்பான திரவம். ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகள் ஒட்டிக்கொள்கிற மாதிரிதான் சுவரில் ஒட்டுகிறது. வௌவாலுக்கோ கையே இறக்கை. நாலு விரல்கள் குடைக்கம்பி போல நீண்டு, நடுவில் தோல். கட்டைவிரல் மட்டும் கொக்கி மாதிரி தனியே நிற்கும்.

2. உடம்பு: தேரை குளிர் ரத்தப் பிராணி, இதயத்தில் மூன்று அறைகள். தண்ணீரை வாயால் குடிக்காது, தோலால் உறிஞ்சும். வௌவால் நம்மைப்போல வெப்ப ரத்தப் பாலூட்டி, நாலு அறைகள்.

3. குஞ்சு: தேரை தண்ணீருக்கு மேலே செடியில் நுரைக்கூடு கட்டி நூற்றுக்கணக்கில் முட்டையிடும். தலைப்பிரட்டைகள் கீழே விழும்போது தண்ணீர் இல்லையென்றால் அத்தனையும் வீண். வௌவால் ஒரு தடவைக்கு ஒரே குட்டி போட்டுப் பால் கொடுக்கும்.

4. வேலை: தேரை பூச்சிகளைத் தின்கிறது. வௌவால் விதையைப் பரப்புகிறது, மகரந்தத்தை மரத்துக்கு மரம் கொண்டுபோகிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை இலவ மரத்தில் கவனித்து 2005-ல் எழுதினார்கள்.

ஒற்றுமை என்னவென்றால், இரண்டுக்கும் கெட்ட பெயர்! உள்ளே பருப்பில்லாத தேங்காயைத் 'தேரை மோந்தது' என்கிறோம். தேரையால் ஓட்டைத் துளைக்க முடியாது என்று பாட்டியிடம் சொன்னேன், நம்பவில்லை. பாட்டியைச் சொல்லி என்ன? 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே பழந்தின்னி வௌவாலை எலி, காக்கையோடு தீங்குயிர்ப் பட்டியலில் வைத்தது. 2022 திருத்தத்தில்தான் அந்தப் பட்டியலே போனது.

சட்டம் மாறினாலும் குட்டையைத் தூர்த்தால் தேரை போச்சு, பழைய மரத்தை வெட்டினால் வௌவால் போச்சு. எங்கள் ஊரில் வயல்கள் மனைகளாகின்றன. நாளை அங்கே லெவல் எடுத்து, பிளான் போடப்போவது சிவில் படிக்கும் நாம்தான். பிளானில் குட்டையையும் மரத்தையும் முதலில் குறிப்போம். ரோட்டை அப்புறம் போடுவோம்!