உடன்பாடும் காலமும்

இலக்கண நூலார் வினையினை உடன்பாடு என்றும் எதிர்மறை என்றும் இருவகைப்படுத்துவர். 'வந்தான்' என்பது உடன்பாடு. 'வாரான்' என்பது எதிர்மறை. உலக வழக்கிலோ உடன்பாடு என்னுஞ் சொல் ஒருவர் மனமொப்பித் தரும் இசைவினையுங் குறிக்கும். வினைச்சொல் காலங்காட்டுதல் போல, மாந்தர் தரும் இசைவும் ஒரு காலத்துக்கே உரியதோ, அன்றி முக்காலத்துக்கும் உரியதோ? சூத்திரங்களை உருப்போடும் எம்மனோர்க்கு இவ்வினா வெறுஞ் சொல்லாராய்ச்சியாகத் தோன்றலாம். ஆயின் இதற்கு விடைகாணப் புகுந்த பிறநாட்டு நீதிமன்றங்கள் தம்முள் மாறுபட்டு நின்றன. அவ்வரலாற்றினை ஈண்டுச் சுருங்கக் கூறுவல்.

1978 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25 ஆம் நாள், தாயின் உடற்குப் புறத்தே கருவாக்கப்பெற்ற முதற்குழவி இங்கிலாந்தில் பிறந்தது. இம்முறையில், பெண்ணுக்கு மருந்தளித்து முதிர்வித்த முட்டைகளை வெளியே எடுத்து, ஆணின் வித்தோடு சேர்த்துக் கருமுளைகளாக்குவர். அவற்றுள் ஒன்றிரண்டைக் கருப்பையில் வைத்து, எஞ்சியவற்றைத் திரவ நைட்ரஜனில், சென்டிகிரேடு அளவையில் பூச்சியத்துக்குக் கீழ் 196 பாகைக் குளிரில் உறைவித்துக் காப்பர். அவ்வாறு உறைவித்த கருமுளையினின்றும் முதற்குழவி ஆஸ்திரேலியாவில் 1984 இல் பிறந்தது. அக்குளிரில் கருமுளைக்குக் காலம் நின்றுவிடுகின்றது. அதனைத் தோற்றுவித்த இருவர்க்கோ காலம் நிற்பதில்லை. இடரெல்லாம் இதனாலேயே விளைகின்றது.

முதலில் எழுந்த பெருவழக்கு, அமெரிக்க நாட்டு டென்னஸி மாகாணத்து டேவிஸ் வழக்காகும். ஐந்து முறை கருக்குழலிற் கருத்தங்கித் துன்புற்ற மனைவியும் அவர் கணவரும் இம்முறையை நாடினர். 1988 டிசம்பரில் ஏழு கருமுளைகள் உறைவிக்கப்பெற்றன. அடுத்த பிப்ரவரியிலேயே கணவர் மணமுறிவு வேண்டி வழக்கிட்டார். பிரிந்தால் கருமுளைகளை என்செய்வது என்பதற்கு எழுத்து முறி ஏதும் இல்லை. 1989 இல் விசாரணை நீதிபதி, அவை குழந்தைகளே என்று கொண்டு மனைவிபால் ஒப்புவித்தார். மேல்முறையீட்டு மன்றம் இருவர்க்கும் சமவுரிமை உண்டென்றது. 1992 இல் மாகாணத்தின் தலைமை நீதிமன்றமோ, கருமுளை மனிதருமன்று, உடைமையுமன்று. இரண்டற்கும் இடைப்பட்டுத் தனி மதிப்புக்கு உரியது என்றது. முன்செய்த ஒப்பந்தம் இருப்பின் அதன்படி நடத்தல் வேண்டும். இல்லையேல் இருவர் நலனையுஞ் சீர்தூக்குதல் வேண்டும். மற்றவர்க்குப் பெற்றோராதற்கு வேறு தக்க வழி உளதாயின், பெற்றோராக விரும்பாதவரே பெரும்பாலும் வெல்லற்பாலர் என்றும் விதித்தது. மனைவி அப்பொழுது கருமுளைகளைப் பிள்ளையில்லாத் தம்பதியர்க்கு ஈயவே விரும்பினார். கணவரோ ஐந்தாம் வயதிற் பெற்றோர் பிரிய, ஆதரவில்லத்தில் வளர்ந்தவர். தம் பிள்ளையும் தந்தையின்றி வளர்தலை அஞ்சினார். மன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது.

இரண்டாவது, இங்கிலாந்து நாட்டு எவன்ஸ் வழக்கு. 2001 இல் ஒரு பெண்ணின் சூலகங்களிற் கட்டிகள் காணப்பட்டமையின் அவற்றை அகற்ற நேர்ந்தது. அதற்கு முன்னர் ஆறு கருமுளைகள் சேமிக்கப்பெற்றன. முட்டைகளை மட்டும் தனியே உறைவித்தல் கூடுமோ என்று அப்பெண் வினவியபொழுது, நாம் பிரியப்போவதில்லை, அது வேண்டா என்று துணைவர் தேற்றினார். 2002 இல் இருவரும் பிரிந்தனர். அவர் தம் உடன்பாட்டை மீட்டுக்கொண்டார். 1990 ஆம் ஆண்டுச் சட்டம், கருமுளை கருப்பையில் வைக்கப்படும் வரையில் இருவருள் எவரும் மறுக்கலாம் என்றது. 2007 இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரவை, அப்பெண்ணுக்கு இரங்கியும், பதின்மூவர்க்கு நால்வராக அச்சட்டத்தையே நிலைநிறுத்தியது.

மூன்றாவது, இஸ்ரேல் நாட்டு நஹ்மானி வழக்கு. கருப்பையை இழந்த மனைவி வாடகைத்தாய் வழியே மகப்பேறு நாடினார். கணவரோ பிரிந்து வேறு குடும்பங் கண்டார். தலைமை நீதிமன்றம் 1995 இல் கணவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1996 இல் பதினொரு நீதிபதிகள் மீண்டும் ஆராய்ந்து, எழுவர்க்கு நால்வராக மனைவி பக்கம் தீர்ப்பளித்தனர்.

எனவே, இஸ்ரேல் மன்றம் இறந்தகால உடன்பாட்டினைப் போதுமானதாகக் கொண்டது. இங்கிலாந்துச் சட்டம் நிகழ்கால உடன்பாட்டினை வேண்டிற்று. டென்னஸி மன்றம் எதிர்காலம் நோக்கி முன்செய்த ஒப்பந்தத்தைத் தேடி, அஃதின்மையின் துலாக்கோலைக் கையிலெடுத்தது என்க.

எம் விடுதியில் ஓரிரவு இவ்வழக்குகளைப் பற்றி நண்பர் சிலர் உரையாடினோம். சொன்ன சொல்லை நம்பி வேறு வழியைக் கைவிட்ட பெண்ணுக்கே நியாயம் உண்டென்று யான் உரத்துச் சாதித்தேன். தந்தையில்லாது வளர்ந்த நண்பர் ஒருவர் நெடுநேரம் வாளாவிருந்து, "வேண்டாத தகப்பனை வழக்காடிப் பெற்றால் பிள்ளைக்கு என்ன லாபம்?" என்று மட்டுங் கேட்டார். அன்றிரவு எனக்கு விடை தோன்றவில்லை.

இன்று எனக்குப் பட்டதைக் கூறுவல். ஒருவரைப் பெற்றோராகுமாறு சட்டம் வலிந்து கட்டுதல் தகாது. தந்தைமை கடன்முறி அன்று. ஆயினும், தன் சொல்லை நம்பிப் பிறிதொருவர் மீட்கவொண்ணா இழப்பெய்தியபின் அச்சொல்லை மீட்பவர், சட்டத்தின்முன் வென்றாலும் அறத்தின்முன் கடனாளியே ஆவர். இவ்விரண்டையும் ஒன்றாக மயங்குதலே நம் பிழை. சட்டஞ் செய்யக்கூடுவது முன்னறிவித்தலே. இங்கிலாந்து 2008 ஆம் ஆண்டுச் சட்டத்தால், ஒருவர் உடன்பாட்டை மீட்டாலும் ஓராண்டு பொறுத்து மீண்டும் எண்ணிப்பார்க்க இடமளித்தது. முட்டைகளைத் தனியே உறைவிக்கும் முறையும் இக்காலத்துத் திருந்தியுள்ளது. ஆதலின் நோயுற்ற பெண்ணொருத்தி தன் நம்பிக்கை முழுவதையும் பிறர் இசைவிற் கட்டிவைக்க வேண்டுவதில்லை.

கையொப்பமிடும் முன்னர், தாம் இசைவது எக்காலத்துக்கு என்பதை இருவர்க்கும் யாரேனும் தெளிவுறச் சொல்லல் வேண்டும். மகிழ்ந்திருக்கும் வேளையில் பிரிவைப் பற்றிப் பேசுதல் கசப்பே. பேசாதொழிந்தார்க்கு நேர்ந்ததோ அதனினும் கசப்பு.