காயில் வாங்குவதற்கு முன்

கெல்சென்கிர்ச்சன்

அன்புள்ள தம்பிக்கு,

கார் மிஸ் அடிக்கிறது, சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் வரைக்கும் நடுங்குகிறது, ரீடரைச் செருகினால் பி0303 என்று வருகிறது, மூன்றாம் சிலிண்டருக்குப் புது இக்னிஷன் காயில் ஓடர் பண்ணட்டுமா என்று கேட்டிருந்தாய். பண்ணாதே. உன் மூன்றரை வருட அவுஸ்பில்டுங் தொழிற்பயிற்சியில் இது முதல் வருடம். கோளாறு எந்தச் சிலிண்டரில் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. ஏன் என்பதை நீதான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. எஞ்சின் லைற் அணையாமல் எரிந்தால் மெதுவாக வீடு வந்து சேரலாம். விட்டுவிட்டு மின்னினால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடு, பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்து. எரியாத பெற்றோல் கற்றலைசருக்குள் போய் அங்கே எரியும். உள்ளே இருக்கும் செராமிக் உருகும். ஏ42 நெடுஞ்சாலையில் அப்படியே விரட்டிக்கொண்டு வந்தால், ஒரு காயிலின் செலவு பல மடங்காகிவிடும்.

காரின் கணினிக்குச் சிலிண்டருக்குள் எரியும் நெருப்பு தெரியாது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் அரைச் சுற்றுச் சுற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு சிலிண்டர் அதைத் தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் சுழற்சி ஒரு கணம் தளரும். அந்தத் தளர்ச்சியைத்தான் கிராங்க் சென்சர் பிடிக்கிறது. ஐரோப்பாவில் 2001 முதல் புதிதாகப் பதிவான பெற்றோல் கார்களில் இந்தக் கண்காணிப்பு கட்டாயம்.

நம்மூர் மெக்கானிக்குகள் இதே வேலையைக் காதால் செய்தார்கள். 1990களில் பெற்றோல் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40யும் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எஞ்சின் சூடாகாதபோது அது சரியாக ஆவியாகாது. பிளக்கில் கரி பிடிக்கும், எஞ்சின் மிஸ் பண்ணும். அப்போது பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பார்கள். எதைக் கழற்றினால் சத்தம் மாறவில்லையோ, அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். இன்றைய காரில் எஞ்சின் ஓடும்போது காயிலைக் கழற்றாதே. பல்லாயிரம் வோல்ட் அது, உனக்கும் ஆபத்து, காயிலுக்கும் ஆபத்து. அதற்குப் பதிலாக, கைக்கு எட்டினால், இன்ஜெக்டரின் கனெக்டரைக் கழற்றிப் பார்.

இனி உன் காருக்கு வருவோம். எஞ்சின் ஆறிய பிறகு மூன்றாம் சிலிண்டரின் காயிலை இரண்டாவதிலும், இரண்டாவதன் காயிலை மூன்றாவதிலும் போடு. ரீடரில் அந்தக் கோளாறு எண்ணை அழித்துவிட்டு ஓட்டு. பி0302 வந்தால் காயில்தான் குற்றவாளி, தாராளமாக வாங்கு. மறுபடியும் பி0303 என்றால் அடுத்து பிளக்கை மாற்றிப் போடு, அதற்குப் பிறகு இன்ஜெக்டர். ஒரு தடவையில் ஒரு பொருள் மட்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் கார் சரியாகலாம், ஆனால் நீ எதையும் கற்றிருக்க மாட்டாய். சிலிண்டர் எண்ணையும் கையேட்டில் பார்த்து உறுதிசெய்துகொள். பெரும்பாலான எஞ்சின்களில் டைமிங் பெல்ட் பக்கம்தான் ஒன்று. சில பிரெஞ்சு எஞ்சின்களில் கியர்பொக்ஸ் பக்கமிருந்து எண்ணுவார்கள்.

பக்கத்து போகுமில் 2014 டிசம்பரில் மூடிய ஓப்பல் தொழிற்சாலையின் அஸ்ட்ராவும் சாஃபிராவும் இன்னும் நம் தெருக்களில் ஓடுகின்றன. அவற்றில் பல பழைய பெற்றோல் எஞ்சின்களில் நான்குக்கும் சேர்த்து ஒரே காயில் கட்டைதான். அங்கே இந்த மாற்றும் வித்தை பலிக்காது. பிளக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பிளக்கைக் கழற்றுமுன் குழியில் இருக்கும் மண்ணை ஊதி எடு, இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள் விழும். குழியில் ஒயில் நின்றால் மேல்மூடிக் கேஸ்கெட் கசிகிறது. பிளக் நுனி பெற்றோலில் நனைந்திருந்தால் பெரும்பாலும் பொறி வரவில்லை. ஒயில் பிசுக்கு என்றால் ரிங் அல்லது வால்வு சீலைச் சந்தேகி. மற்ற மூன்றும் பழுப்பாக இருக்க ஒன்று மட்டும் கழுவிவிட்டதுபோல் வெளுத்திருந்தால், ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறதா என்று பார்.

பள்ளிக்கூடத்தில் சொல்லித் தராத ஒன்றும் இருக்கிறது: மார்டர். மரநாய் மாதிரியான அந்தப் பிராணி இரவில் பொனற்றுக்குள் ஏறி வயரைக் கடிக்கும். ஊசி குத்தியது போன்ற துளைதான் இருக்கும். ஈரமான காலையில் மட்டும் கார் மிஸ் அடிக்கும். பிளக் வயர் உள்ள பழைய கார் என்றால், இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு, கை படாமல் தள்ளி நின்று பார். பொறி பாய்வது தெரியும். ரைல்காஸ்கோ காப்புறுதி இருந்தால் பெரும்பாலும் இதற்குப் பணம் தருவார்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் குறை நின்றால் கொம்ப்ரெஷன் பார்க்க வேண்டும். நான்கையும் அள. ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பல பார் இறங்கியிருந்தால், அதற்குள் ஒரு கரண்டி ஒயில் விட்டு மறுபடி அள: ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். அதற்குமேல் தெருவோரத்தில் வைத்துச் செய்கிற வேலை இல்லை. மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் பட்டறைக்குப் போ, அல்லது உனக்குப் பயிற்சி தரும் மைஸ்டரிடம் கேள்.

இந்தச் சனிக்கிழமை காயிலை மாற்றிப் போட்டுப் பார். பிளக் நான்கையும் கழற்றினால் வரிசை மாறாமல் அடுக்கி, பகல் வெளிச்சத்தில் படமெடுத்து எனக்கு அனுப்பு. எதை வாங்குவது என்பதை அதற்குப் பிறகு பேசுவோம்.

அன்புடன்,
அண்ணன்