ஊன்றுகோலையும் வாங்கிக்கொள்

கண்ணு, எல்லா வழியும் அடைபட்டுப் போன நேரத்தில் சாமியிடம் எப்படிக் கேட்பது என்றாய். எனக்குத் தெரிந்தது தேவாரம் பாடிய சுந்தரர் நடந்த வழிதான்.

1. கோபம் வந்தால் கோபத்தோடே கேள். திருவொற்றியூரில் மனைவி சங்கிலியாருக்கு, உன்னைப் பிரியேன் என்று செய்த சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயின. தப்பு அவருடையதுதான். ஆனாலும் வாய் மூடி நிற்கவில்லை, சிவனிடம் தோழனிடம் போல உரிமையோடு சண்டை போட்டார். தப்பு செய்தவனுக்குக் கேட்க முகமேது என்று நீ ஒதுங்கிவிடாதே.

2. கொடுத்ததை வாங்கிக்கொள். திருவெண்பாக்கத்தில் நின்று, 'கோயிலுக்குள் இருக்கிறாயா?' என்று கேட்டார். இருக்கிறோம், நீ போ என்கிற மாதிரி ஒரு பதில் வந்தது. கைக்கு ஓர் ஊன்றுகோலும் கிடைத்தது. கண்ணைக் கேட்டவருக்குக் கோல்! அந்தப் பழைய கோயில் இருந்த இடம் இன்று பூண்டி ஏரிக்குள் இருக்கிறது. சாமியை வேறிடத்துக்குக் கொண்டுவந்து கோயில் கட்டியிருக்கிறார்கள். கோலோடுதான் காஞ்சிபுரம் போனார், அங்கே இடக்கண் வந்தது. நடுவில் உடம்பில் நோய் வேறு. திருத்துருத்திக் குளத்தில் முழுகியதும் அது தீர்ந்தது. வலக்கண் திருவாரூரில்தான். பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் கணக்கு இது. நின்ற இடத்திலேயே நின்றிருந்தால் அவருக்கு என்ன கிடைத்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

3. டாக்டரிடம் போவது நம்பிக்கைக் குறைவு என்று எவராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. மருந்துச் சீட்டும் கோல்தான்.

4. கேட்டது கிடைக்காமலும் போகும். என் தங்கைக்காக வீடே வேண்டிக்கொண்டது, அவள் பிழைக்கவில்லை. 'உங்க பக்தி போதலை' என்று துக்கம் கேட்க வந்த ஒருத்தி சொன்னாள். அந்தச் சொல்லை உன் வாயால் யாரிடமும் சொல்லிவிடாதே. காரியமெல்லாம் முடிந்ததும் அம்மா மறுபடி சாமி விளக்கை ஏற்றினாள். ஏனம்மா என்றேன். 'கோவமாத்தான் இருக்கேன். வேற யாருகிட்டப் போய்க் கோவிச்சுக்க?' என்றாள்.

5. பிறத்தியாருக்காகவும் கேட்கப் பழகு. பின்னாளில் அப்பர் என்று பெயர் பெற்ற தம்பி சமணம் சேர்ந்துவிட, அக்கா திலகவதியார் திருவதிகைக் கோயிலைப் பெருக்கி மெழுகியபடி அவருக்காக வேண்டிக்கொண்டிருந்தார். சூலை என்னும் வயிற்றுநோய் தாங்காமல் அந்தத் தம்பி இரவோடு இரவாக வந்து காலில் விழுந்தபோது, ஏன் போனாய் என்று கேட்கவில்லை, திருநீறு கொடுத்தார். உன் வாசலுக்கும் யாராவது அப்படி வந்தால் முதலில் 'சாப்பிட்டாயா?' என்று கேள். மற்ற விசாரணையெல்லாம் காலையில் பார்த்துக்கொள்ளலாம்.