செனான் பற்றி எழுதிய தம்பிக்கு



உன் ‘மூளையைக் காக்கும் மாயவாயு’ கட்டுரையை நேற்றிரவு வாலாஜாபேட்டை கிளினிக்கில், கடைசிக் குழந்தையும் வீட்டுக்குப் போன பிறகு படித்தேன். எதனோடும் எளிதில் சேராத செனான், மூச்சுத்திணறிய மூளையில் குளூட்டமேட் பெருகும்போது என்.எம்.டி.ஏ. ஏற்பியின் கதவை அடைத்து நிற்பதை எழுதியிருக்கிறாயே, அந்தப் பத்தியைத் தமிழில் இவ்வளவு தெளிவாக நான் எங்கும் படித்ததில்லை.

ஆனால் ‘மாயம்’ என்ன மாயம்? எலிகளில் கண்டதைத் தலைப்பில் ஏற்றிவிட்டு, ‘எலி’ என்ற சொல்லைக் கடைசி வரியில் ஒளித்து வைத்திருக்கிறாய். பிள்ளை அழாமல் பிறந்த வீட்டில் இதைப் படித்தால் செனான் எங்கே கிடைக்கும் என்று அலைய மாட்டார்களா? இங்கிலாந்தில் மூச்சுத்திணறிப் பிறந்த 92 குழந்தைகளிடம் செனானைச் சோதித்து 2016-இல் வெளியிட்டார்கள். எல்லோருக்கும் உடலைக் குளிரவைக்கும் குளிரூட்டல் சிகிச்சை, அவர்களில் பாதிப் பேருக்குக் கூடவே 30 சதவீதச் செனான், 24 மணி நேரம். எம்.ஆர்.ஐ.யில் வித்தியாசம் தெரியவில்லை. பலருக்கு வாயு போய்ச் சேரவே பிறந்து பத்து மணி நேரம் ஆகிவிட்டது. உன் கட்டுரையில் இது ஒரு வரிகூட இல்லை.

நேரம், தம்பி, நேரம்! எனக்கு வரும் பிரசவச் சீட்டுகளில் பிறந்த நேரம் இருக்கும், எடை இருக்கும். முதல் மூச்சு எப்போது வந்தது, மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையை எத்தனை நிமிடம் அழுத்தினார்கள் என்று இருக்காது. ஷூ கம்பெனியில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் பிள்ளையை நள்ளிரவில் வேலூருக்கு அனுப்பினேன். வேனில் பாட்டி மடியில் துணிச்சுருளுக்குள் கிடந்தது. எப்போது அழுதது என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில், உருகும்போது வெப்பத்தை உறிஞ்சும் பொருளை விரித்து 50 குழந்தைகளிடம் குளிரூட்டலைச் சோதித்தார்கள். 2020-இல் வந்த முடிவில், குளிரூட்டிய பிள்ளைகளின் மூளைச் சேதம் குறைவாக இருந்தது. பக்கத்து ஊர்ச் செய்தி, அதையும் விட்டுவிட்டாய். மறுவருடமே ஹீலிக்ஸ் ஆய்வு வந்தது: இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 408 குழந்தைகள். குளிரூட்டியவர்களில் 42 சதவீதம் இறந்தார்கள், மற்றவர்களில் 31. இங்கே பல பிள்ளைகளுக்குச் சேதம் பிரசவத்துக்கு முன்பே தொடங்கியிருக்கலாம் என்கிறார்கள்.

குளிரூட்டலே இங்கே இப்படித் தடுமாறும்போது, அதன் மேல் விலை உயர்ந்த ஒரு வாயுவையும் சேர்ப்பது பற்றி எழுதுகிறவன் ஹீலிக்ஸைத் தொடாமல் எழுதக் கூடாது. அடுத்த கட்டுரையை அதிலிருந்து தொடங்கு. அச்சுக்குப் போகுமுன் எனக்கு அனுப்பு.