இணைய ஏலத்தில் பாவித்த பொருட்கள்: விற்பனைக்கு முன் செய்ய வேண்டியவை

1995 செப்டெம்பரில் அமெரிக்காவில் பியர் ஒமிட்யார் என்பவர் ஓர் இணைய ஏலத்தளத்தை ஆரம்பித்தார். பின்னர் ஈபே என்று பெயர் பெற்றது அதுவே. அதில் முதலில் விலைபோன பொருள் பழுதடைந்த ஒரு லேசர் விளக்கு. விலை 14.83 டொலர். அது பழுதானது என்பது தெரியுமா என்று ஒமிட்யார் விசாரித்தபோது, பழுதான லேசர் விளக்குகளைச் சேகரிப்பதே தனது வழக்கம் என்று வாங்கியவர் பதிலளித்தார்.

இதில் வர்த்தகர்களுக்கு ஒரு பாடம் உண்டு. குறையைச் சொல்லி விற்றால் பழுதான பொருளுக்கும் ஆள் இருக்கிறது. குறையை மறைத்து விற்றால் நல்ல பொருளும் திரும்பி வந்துவிடும். உங்கள் கடையின் பின்னறையில் கிடக்கும் ஒரு பழைய பிலிம் கமராவை உதாரணமாகக் கொண்டு இதனைப் பார்ப்போம்.

1. பொருளைப் பரிசோதியுங்கள்

எமது நாட்டின் ஈரப்பதனான காலநிலையில் கமரா வில்லைகளில் பூஞ்சணம் பிடிப்பது சாதாரணம். வில்லையை ஒரு டோர்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பற்றரி அறையில் துரு உள்ளதா, எல்லா வேகங்களிலும் ஷட்டர் திறந்து மூடுகிறதா என்பவற்றையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வெளித்தூசைத் துடைக்கலாம். ஆனால் பழைய பித்தளைப் பொருட்களையும் நாணயங்களையும் மினுக்க வேண்டாம். சேகரிப்பாளர்கள் விரும்புவது அவற்றின் பழைமையையே.

2. உண்மையான விலையை அறியுங்கள்

விற்பனைக்கு இடப்பட்டுள்ள பொருட்களின் விலையைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது விற்பவரின் ஆசை மட்டுமே. ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் பிரித்துப் பார்க்கும் வசதி உண்டு. அதே மாதிரி கமரா உண்மையில் என்ன விலைக்குப் போயிருக்கிறது என்பதை அதில் காணலாம்.

3. படமும் விபரமும்

பகல் வெளிச்சத்தில் எல்லாப் பக்கங்களையும் படமெடுங்கள். கீறல், வெடிப்பு, பூஞ்சணம் ஆகியவற்றைக் கிட்டவாகத் தனியே எடுங்கள். தலைப்பில் உற்பத்தி நிறுவனம், மாதிரி இலக்கம், வில்லையின் அளவு என்பன இருக்க வேண்டும். தேடுபவர் இந்தச் சொற்களைக் கொண்டே தேடுகிறார். 'அருமையானது', 'அபூர்வமானது' என்ற சொற்களால் இடம்தான் வீணாகும். பிலிம் போட்டுப் பார்க்கவில்லையெனில் அதையும் எழுதிவிடுங்கள்.

4. பொதியும் தபாலும்

ஏலத்தில் இடுவதற்கு முன்பே பொதி செய்து நிறுத்துப் பாருங்கள். கூரியர் நிறுவனங்கள் நிறையை மாத்திரமன்றிப் பெட்டியின் அளவையும் கணக்கிலெடுக்கின்றன. நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000 ஆல் வகுப்பது பொதுவான முறை. 40×30×30 அளவான பெட்டியில் 2 கிலோ பொருள் இருந்தாலும் 7.2 கிலோவுக்கே கட்டணம் வரும். லிதியம் பற்றரிகளைத் தனியாகச் சர்வதேச விமானத் தபாலில் அனுப்ப அனுமதியில்லை. புராதனப் பொருட்களாயின் 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரமின்றி நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. சந்தேகமிருப்பின் தொல்பொருளியல் திணைக்களத்தில் முதலில் விசாரியுங்கள்.

5. கணக்கைப் போட்டுப் பாருங்கள்

கமரா 12,000 ரூபாவுக்கு விலைபோகிறது, தபால் செலவாக வாங்குபவர் 6,000 ரூபா தருகிறார் என வைத்துக்கொள்வோம். தளத்தின் தரகு நூற்றுக்கு 15 எனக் கொண்டால், 12,000 ரூபாவுக்கு 1,800 என்றே பலர் கணக்கிடுவர். ஆனால் ஈபே தபால் செலவையும் சேர்த்த மொத்தத் தொகைக்கே தரகு எடுக்கிறது. எனவே 18,000 ரூபாவுக்கு 2,700 ரூபா போகும். தபாலுக்கு 6,000, நீங்கள் கமராவை வாங்கிய விலை 7,000, பொதிச் செலவு 800 ஆகியவற்றையும் கழித்தால் மிஞ்சுவது 1,500 ரூபாதான்.

இப்போது வில்லையிலிருந்த பூஞ்சணத்தை நீங்கள் எழுதவில்லை எனக் கொள்வோம். விபரத்துக்கு மாறான பொருள் என்று வாங்குபவர் முறையிட்டால் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுப்பதோடு, பொருள் திரும்பி வரும் தபால் செலவும் உங்கள் தலையிலேயே விழும். போன தபால் 6,000, வரும் தபால் 6,000, ஆக 12,000 ரூபா நட்டம். இது எட்டு விற்பனைகளின் இலாபம்! ஒரு வரி எழுதாமல் விட்டதன் விலை இது. அத்தோடு அவர் எழுதிவிட்டுப் போகும் குறைகூறலை அடுத்து வாங்க வருபவரும் வாசிப்பார்.

6. ஏலம் முடியும் நேரம்

கேள்விகள் அதிகம் வருவது கடைசி நிமிடங்களிலாகும். அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 8 மணி என்பது கோடையில் எமக்கு அதிகாலை 5.30, குளிர்காலத்தில் 6.30. ஆகவே அந்நேரத்தில் முடியுமாறு ஆரம்பியுங்கள். ஆரம்ப விலையைக் குறைவாக வைத்தால் பலர் கேட்பர் என்பது உண்மையே. எனினும் தேடுவோர் குறைந்த பொருளாயின் ஒரே ஒருவர் அந்தக் குறைந்த விலைக்கே எடுத்துச் சென்றுவிடக் கூடும். அத்தகைய பொருளுக்கு உங்கள் அடக்கவிலைக்குக் கீழே ஆரம்பிக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. விற்ற பணம் எவ்வழியில் உங்கள் வங்கிக் கணக்கை வந்தடையும் என்பதை முதல் பொருளை இடுவதற்கு முன்பே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பேபால் ஊடாகப் பணம் பெறும் வசதி நீண்ட காலமாக இலங்கையருக்கு இருக்கவில்லை என்பது பலருக்கும் தெரிந்ததே. முதலில் விலை குறைந்த ஒரு பொருளை விற்றுப் பணம் கைக்கு வருவதைப் பாருங்கள். பெறுமதியானவற்றை அதன்பின் வெளியே எடுக்கலாம்.